மெரிஷாவின் மஞ்சள் சப்பாத்து

மெரிஷாவுக்கு ஒரு வயசு நிரம்புவதற்கு முன்னமே அவளுக்கென்று வந்து சேர்ந்த சப்பாத்துகளை றொசானி ஒரு மட்டைப் பெட்டியில் போட்டு அலுமாரிக்கு மேலே ஏற்றிவிட்டாள். கரடி முகம் வைத்த ஒன்று, மினுக்கம் ஒட்டிய ஒன்று, மிதித்தால் கீக் கீக் என்று கத்துகிற ஒன்று. பிள்ளை பார்க்க வந்தவர்கள் ஆசையோடுதான் கொண்டு வந்தார்கள். றொசானியும் சிரித்த முகத்தோடுதான் வாங்கிக்கொண்டாள். ஆனால் ஒன்றைக்கூட பிள்ளையின் காலில் மாட்டிப் பார்க்கவில்லை.

"நடக்காத புள்ளைக்கு என்னத்துக்குச் சப்பாத்து? முதல்ல நடக்கட்டும், மறுகா பாப்பம்" என்பாள்.

அவள் அப்படிச் சொன்னால் எதிர்த்துக் கேட்க யாருக்கும் வாய் வராது. கல்லடியில் ஒரு பாடசாலையில் அவள் உடற்கல்வி ஆசிரியை. மைதானத்தின் ஒரு தலைப்பில் நின்றுகொண்டே மற்றத் தலைப்பில் நிற்கிற பிள்ளையின் கையைக் காலைத் திருத்துகிற குரல் அவளுக்கு. பிறந்தது வாகரையில். கடற்கரை மணலில் வெறுங்காலோடு ஓடிப் பழகி, மாகாணப் போட்டி வரைக்கும் போய்ப் பதக்கம் வாங்கியவள். முதன்முதல் அவள் போட்ட ஓட்டச் சப்பாத்து மேல்வகுப்பு அக்கா ஒருத்தியின் பழசு. அது அவளுடைய பெருவிரல் நகத்தைக் கழற்றிவிட்டுத்தான் ஓய்ந்தது. அதிலிருந்து கால் விசயத்தில் றொசானி யாருடைய சொல்லையும் கேட்பதில்லை. தன்னிடம் ஓடுகிற பிள்ளைகள் ஒவ்வொருத்தியின் பாதத்தையும் தானே பிடித்துப் பார்ப்பாள். தானே கடைக்குக் கூட்டிப் போவாள்.

மெரிஷா ஒரு வயசும் மூன்று மாதமும் ஆனபோது கதிரைக் காலை விட்டுவிட்டு நடந்தாள். வீட்டுச் சீமெந்துத் தரையில் பத்து விரலையும் விரித்து, தரையைப் பிடிக்கிற மாதிரி ஊன்றி ஊன்றி அவள் நடந்ததை றொசானி போனில் படம் எடுத்து, பாசிக்குடாவில் ஹோட்டல் ஒன்றில் சமையல் வேலை செய்கிற கணவன் அன்ரோவுக்கு அனுப்பினாள். வேலை நேரத்தில் அவன் அதை எத்தனை தரம் பார்த்தானோ, அன்று பின்னேரம் கறியில் உப்புப் போட மறந்து ஏச்சு வாங்கினான்.

வீட்டுக்குள் வெறுங்கால்தான். முற்றத்து மணலிலும் அப்படித்தான். "தெருவுக்கு இறங்கினாத்தான் சப்பாத்து" என்று றொசானி சொல்லிவிட்டாள். அந்தத் தெருவுக்கு இறங்கும் நாள் அவள் நினைத்ததைவிடக் கெதியாய் வந்தது.

அன்ரோவின் தம்பி மத்தேயுவுக்குக் கலியாணம் சரிவந்தது. கலியாண வேலை எல்லாவற்றையும் தலையில் போட்டுக்கொண்டவள் அவர்களுடைய மூத்த அக்கா ஜெசிந்தா. கல்லடியில் மணப்பெண் அலங்காரம் செய்வதில் அவளுக்குத்தான் பேர். எந்தச் சாறிக்கு எந்தப் பூ, எந்த முகத்துக்கு எந்தப் பொட்டு என்று தூரத்தில் நின்று ஒரு தரம் பார்த்தாலே சொல்லிவிடுவாள். அவள் சொன்னதை மாற்றிச் செய்த மணப்பெண் இதுவரை இல்லை.

ஒருநாள் பின்னேரம் ஜெசிந்தா ஒரு பையோடு வந்து இறங்கினாள். கலியாணத்தன்று பொம்புளைக்கு முன்னால் பூக்கூடையோடு மூன்று பிள்ளைகள் வேதக் கோயிலுக்குள் நடந்து போகவேண்டும். ஜெசிந்தாவின் மகள் ஷெரோனி, பொம்புளையின் அக்காவின் மகள் ஒருத்தி, பிறகு நம்முடைய மெரிஷா. மூன்று பேருக்கும் ஒரே மாதிரி வெள்ளைச் சட்டை, ஒரே மாதிரி வெள்ளைச் சப்பாத்து.

"இஞ்ச பாரு கா, எவ்வளவு வடிவு" என்று சப்பாத்தை வெளியில் எடுத்தாள். முன்னால் கூர், மேலே முத்துப் பூ, பின்னால் விரல் பருமனுக்கு ஒரு குதி.

றொசானி அதை வாங்கி, முன்பக்கத்தையும் பின்பக்கத்தையும் பிடித்து வளைத்துப் பார்த்தாள். வளையவில்லை. தன் கட்டைவிரலை உள்ளே விட்டுப் பார்த்தாள். பிள்ளையின் மூன்று விரலுக்குத்தான் அதற்குள் இடமிருந்தது.

"மச்சாள், இது மெரிஷாட காலுக்குச் சரிவராது."

"அளவு பாத்துத்தானே நான் எடுத்த?"

"அளவில்ல மச்சாள். இது குதி வச்ச சப்பாத்து. அவள் நடக்கத் துவங்கி இப்பதான் ஒண்டரை மாசம். இதப் போட்டா முன்னால விழுவாள்."

"ஒரு அரை மணித்தியாலம் கா. கோயில் வாசல்ல இருந்து பீடம் வரைக்கும். அவ்வளவுதானே!"

"அந்த அரை மணித்தியாலத்திலதான் விழுவாள்."

ஜெசிந்தாவின் புருவம் ஏறியது. தன் தொழிலில் மற்றவர் கை வைப்பது அவளுக்குப் பிடிக்காது. றொசானிக்கும் அது தெரியும். ஆனால் தன் தொழிலிலும் மற்றவர் கை வைக்க அவள் விடுவதில்லை.

"வெள்ளைதானே வேணும் உங்களுக்கு? வெள்ளையில நானே ஒண்டு வாங்கிப் போட்டுக் கூட்டிவாறன். படத்தில வித்தியாசம் தெரியாது" என்றாள்.

ஜெசிந்தா சப்பாத்தைத் திரும்பப் பைக்குள் வைத்தாள். "வெள்ளை எண்டா வெள்ளையா இரிக்கவேணும். மறுகா ஒரு பழுப்பு, ஒரு சாம்பல் எண்டு கொண்டுவந்து நிக்கப்படாது" என்று சொல்லிவிட்டுத் தேத்தண்ணி குடித்துப் போனாள்.

அடுத்த ஞாயிறு அன்ரோவுக்கு லீவு. மூன்று பேரும் மோட்டார்சைக்கிளில் பாலம் தாண்டி ரவுணுக்குப் போனார்கள். பின்னேரம் பார்த்துத்தான் றொசானி புறப்பட்டாள். நாள் முழுக்க ஓடித் திரிந்த கால் பின்னேரம் கொஞ்சம் விரிந்து நிற்கும், காலையில் அளந்து வாங்கினால் இறுக்கும் என்று வழியெல்லாம் அன்ரோவுக்குப் பாடம் நடந்தது. அவன் ஓம் ஓம் என்று தலையாட்டிக்கொண்டு மோட்டார்சைக்கிளை ஓட்டினான்.

றொசானி வழமையாய்ப் போகிற கடை இர்ஷாத் நானாவுடையது. அவளுடைய ஓட்டப் பிள்ளைகளுக்கு எல்லாம் அங்கேதான் வாங்குவாள். இர்ஷாத் மெரிஷாவைப் பார்த்ததும், "ரீச்சர்ட மகளா? இவவும் ஓடத்தான் வந்திரிக்காவா?" என்று சிரித்தபடி எழும்பி வந்தார்.

பிள்ளையை நிற்கவைத்து இரண்டு காலையும் அளந்தார்கள். வலது கால் இடதைவிட ஒரு நூல் பெரிது. "பெரிய காலுக்குத்தான் எடுக்கவேணும்" என்றாள் றொசானி. இர்ஷாத் மூன்று நாலு பெட்டி இறக்கி வைத்தார். மெல்லிய தோலில் ஒன்று, துணியில் ஒன்று. றொசானியின் கண் அதிலெல்லாம் நிற்கவில்லை. மேல் தட்டில் ஒரு வெள்ளைச் சப்பாத்து இருந்தது. கணுக்காலைச் சுற்றிப் பஞ்சு, உள்ளே பாதத்தின் வளைவுக்கு ஒரு மேடு, அடியில் இரண்டு அடுக்கு மெத்தை. பெரிய ஓட்டக்காரர்கள் போடுகிற சப்பாத்தைச் சுருக்கிச் செய்த மாதிரி அச்சொட்டாய் இருந்தது.

"இதுதான்" என்றாள்.

"ரீச்சர், இது கொஞ்சம் பாரம். சின்னப் புள்ளைக்கு..." என்று இர்ஷாத் இழுத்தார்.

"நானா, எனக்குத் தெரியும். இதில காலுக்கு நல்ல பிடி இரிக்கு."

பெருவிரலுக்கு முன்னால் தன் கட்டைவிரல் அகலத்துக்கு இடம் இருக்கிறதா என்று அமத்திப் பார்த்தாள். இருந்தது. குதி கழன்று வருகிறதா என்று பார்த்தாள். வரவில்லை. மெரிஷா கடையின் கம்பளத்தில் நின்று, தன் காலில் என்ன ஏறியிருக்கிறதென்று குனிந்து பார்த்துவிட்டு, தகப்பனிடம் கையை நீட்டினாள். தூக்கிக்கொண்டு வந்துவிட்டார்கள்.

வீட்டுக்கு வந்து விறாந்தையில் இறக்கிவிட்டபோது மெரிஷா இரண்டு எட்டு வைத்தாள், விழுந்தாள். எழும்பினாள், விழுந்தாள். "புதுசுதானே, பழகும்" என்றான் அன்ரோ. றொசானியும் அப்படித்தான் நினைத்தாள். அடுத்த நாளும் விழுந்தாள். முழங்கால் சிவந்தது. செவ்வாய்க்கிழமை றொசானி பாடசாலையால் வந்து சப்பாத்தைக் கையில் எடுத்ததும், மெரிஷா நடந்து வந்தவள் அப்படியே குந்தி, தவழ்ந்துகொண்டு மேசைக்குக் கீழே போய்விட்டாள்.

அந்த நேரம் பார்த்து ஜெசிந்தா சட்டை அளவு பார்க்க வந்தாள். பிள்ளை தவழுவதைக் கண்டாள். மூலையில் கிடந்த வெள்ளைச் சப்பாத்தையும் கண்டாள்.

"என்ன கா, உன்ட சப்பாத்தப் போட்ட புள்ள நடக்கிறதையே மறந்து போச்சா?"

றொசானிக்கு முகம் சுட்டது. "பொறுங்க மச்சாள், பாக்கிறன்" என்று மட்டும் சொன்னாள். ஜெசிந்தா போகும்போது, "சனிக்கிழமை கலியாணம்" என்று வாசலில் நின்று நினைவூட்டிவிட்டுப் போனாள்.

றொசானி கோபத்தோடு கொஞ்சநேரம் இருந்தாள். யார் மேல் கோபமென்று அவளுக்கே தெரியவில்லை. பிறகு தன் வேலையைச் செய்தாள். ஓட்டத்தில் ஒரு பிள்ளை பிந்தினால் அந்தப் பிள்ளையை ஏசுவதில்லை அவள். கால் எங்கே படுகிறது, எங்கே கிளம்புகிறது என்றுதான் பார்ப்பாள். அதைத்தான் இப்போதும் பார்க்கவேண்டும். ஒரு பிஸ்கட்டைக் காட்டி மெரிஷாவை மேசைக்குக் கீழிருந்து வெளியே எடுத்து, சப்பாத்தை மாட்டி, விறாந்தையின் ஒரு பக்கம் நிறுத்தினாள். மறுபக்கம் போய், கன்னம் சீமெந்தில் படத் தரையோடு தரையாய்ப் படுத்து, போனை நிலத்தில் வைத்துக் காட்சி மெதுவாய் ஓடுகிற மாதிரிப் படம் எடுத்தாள். பிறகு சப்பாத்தைக் கழற்றிவிட்டு அதேமாதிரி இன்னொன்று எடுத்தாள்.

இரண்டு படத்தையும் போனில் போட்டுப் பார்த்தபோது மறைக்க ஒன்றும் இருக்கவில்லை. வெறுங்காலில் பிள்ளையின் பாதம் நடுவில் மடிந்தது. விரல்கள் நிலத்தைத் தேடிப் பிடித்தன, பிடித்த பிறகுதான் உடம்பு முன்னால் வந்தது. சப்பாத்துக்குள்ளோ அது ஒன்றும் நடக்கவில்லை. தடித்த அடி பலகை மாதிரி அப்படியே எழும்பி அப்படியே விழுந்தது. அதன் முன்தலை சீமெந்தில் இடறியது. கணுக்காலைச் சுற்றிய பஞ்சு காலைத் திரும்பவே விடவில்லை. நிலம் எங்கே இருக்கிறதென்று பிள்ளைக்குத் தெரியவில்லை.

தான் யாருக்குச் சப்பாத்து வாங்கியிருக்கிறாள் என்று றொசானிக்கு அப்போது விளங்கியது. ஐந்து கிலோமீற்றர் ஓடுகிற ஒருத்திக்கு. அந்த மெத்தை அவளுக்கு வேணும். ஒரு நாளைக்கு விறாந்தையைக் கடக்கிறதே பெரிய பயணமாய் இருக்கிற ஒருத்திக்கு அது வேண்டாம். ஜெசிந்தா வடிவைப் பார்த்து வாங்கினாள். தான் ஓட்டத்தைப் பார்த்து வாங்கியிருக்கிறாள். மெரிஷாவின் காலை இரண்டு பேருமே பார்க்கவில்லை.

நிலத்தில் கிடந்தபடியே அவளுக்குச் சிரிப்பு வந்தது. அம்மா படுத்துக்கொண்டு சிரிப்பதைக் கண்ட மெரிஷா வெறுங்காலோடு தடதடவென்று ஓடிவந்து அவள் முதுகில் ஏறி இருந்தாள்.

எழும்பினதும் முதல் வேலையாய் ஜெசிந்தாவுக்குப் போன் எடுத்தாள். "மச்சாள், நான் வாங்கினது பிழை. உங்கடையும் சரியில்ல, என்டையும் சரியில்ல. வியாழக்கிழமை போய்ச் சரியானதை எடுத்திட்டு வாறன்."

றொசானி பிழை என்று சொல்லி ஜெசிந்தா இதற்கு முன் கேட்டதில்லை. "சரி கா" என்று மட்டும் வந்தது.

வியாழக்கிழமை பாடசாலை விட்டதும் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓட்டோவில் போனாள். இர்ஷாத் நானா வெள்ளைப் பெட்டியைக் கண்டதும் எழும்பி வந்தார். வீட்டுச் சீமெந்தைத் தவிர வேறெங்கும் மிதிக்காத சப்பாத்து. வாங்கித் தட்டில் வைத்துவிட்டு, "சொல்லுங்க ரீச்சர், என்ன மாதிரி வேணும்?" என்றார்.

"அடி மெல்லிசா இரிக்கவேணும். விரல் தொடங்குற இடத்தில ஒரு கையாலேயே மடியவேணும். முன்பக்கம் அகலம். குதி இரிக்கப்படாது, ஆனா பின்னால காலைப் பிடிக்கவேணும். நாடா வேணாம், ஒட்டுற பட்டி போதும். பாரமே இரிக்கப்படாது."

"அண்டைக்கு நான் முதல்ல இறக்கி வச்சது அதுதான் ரீச்சர்."

"தெரியும் நானா. நான்தான் பாக்கல்ல" என்றாள் றொசானி. இர்ஷாத் அன்றைய பெட்டியைத் திரும்ப இறக்கினார்.

மெல்லிய தோல் சப்பாத்து ஒன்று வந்தது. றொசானி மடித்தாள், மடிந்தது. முறுக்கினாள், முறுகியது. கையில் வைத்தால் ஒரு கொய்யாப்பழத்தின் பாரம்கூட இல்லை. இந்தத் தரம் அவள் கம்பளத்தை நம்பவில்லை. மாட்டிக்கொண்டு பிள்ளையைக் கடைக்கு வெளியே நடைபாதையில் இறக்கிவிட்டாள். சனமும் வாகனமுமாய் இருந்த தெருவோரத்தில், தாயின் ஒரு விரலைப் பிடித்துக்கொண்டு மெரிஷா ஒரு எட்டு வைத்தாள். நின்றாள். விரலை விட்டாள். பக்கத்துப் பழக்கடையின் வாழைக்குலையை நோக்கி நேரே நடந்துபோய், குலையைத் தொட்டுவிட்டு, கிறுகி நடந்து வந்தாள். இடறவில்லை. சப்பாத்து இருக்கிறதென்றே அவளுக்கு நினைப்பில்லை.

"இது வெள்ளையில தாங்க நானா."

இர்ஷாத் தலையைச் சொறிந்தார். "அதுதான் ரீச்சர் பிரச்சினை. இந்த அளவில வெள்ளை முடிஞ்சு போச்சு. அடுத்த கிழமைதான் வரும். இப்ப இரிக்கிறது இந்த மஞ்சள் மட்டும்தான்."

மஞ்சள் என்றால் சும்மா மஞ்சளில்லை. நன்றாய்ப் பழுத்த மாம்பழ மஞ்சள். கோயிலின் மறுகோடியில் இருப்பவர்களுக்கும் தெரிகிற மஞ்சள்.

ஒரு அளவு கூட்டி வெள்ளை எடுக்கலாம். ஆனால் கால் உள்ளே கிடந்து வழுக்கும். ஒரு அளவு குறைத்தால் விரல் மடியும். றொசானி பிள்ளையைப் பார்த்தாள். அவள் இரண்டாம் தரம் வாழைக்குலையிடம் போய்க்கொண்டிருந்தாள்.

"மஞ்சளையே தாங்க" என்றாள்.

ஓட்டோவை நேரே ஜெசிந்தாவின் வீட்டுக்கு விடச் சொன்னாள். ஒளித்து வைத்துச் சனிக்கிழமை காட்டுகிற வேலை அவளுக்குப் பிடிக்காது. ஜெசிந்தா முன்னறையில் மேசை நிறைய ரிப்பனும் முத்தும் பரப்பி வைத்துத் தைத்துக்கொண்டிருந்தாள். மெரிஷாவின் காலைக் கண்டதும் ஊசி நின்றது.

"றொசானி! இதென்ன கா நிறம்?"

"இதுதான் சரி மச்சாள்."

"வெள்ளை எண்டு சொன்ன நீ!"

"ஓம், சொன்ன நான். வெள்ளை இல்ல. சனிக்கிழமைக்குள்ள வராது. இப்ப ரெண்டு வழிதான் இரிக்கு. நீங்க வாங்கின வெள்ளையப் போட்டு அவள நான் தூக்கிட்டு வாறன். இல்லாட்டி இதப் போட்டு அவளே நடந்து வாறாள். கலியாணம் உங்கட தம்பிட. நீங்க சொல்லுங்க."

ஜெசிந்தா ஏசத்தான் வாயெடுத்தாள். அதற்குள் மெரிஷா தாயின் கையை உதறிவிட்டு அறையைக் குறுக்கறுத்து நடந்தாள். இரண்டு நாளைக்கு முன் மேசைக்குக் கீழே தவழ்ந்த பிள்ளை. தைக்கிற கதிரைக்கு வந்து, மாமியின் முழங்காலைப் பிடித்துக்கொண்டு, மேசையில் தொங்கிய ரிப்பன் நுனியை எட்டி இழுத்தாள். "மாமி" என்றாள். அந்தச் சொல்லை அவள் வாயிலிருந்து ஜெசிந்தா முதன்முதலாய்க் கேட்டாள்.

ஜெசிந்தா பிள்ளையைப் பார்த்தாள், சப்பாத்தைப் பார்த்தாள். தலையைச் சாய்த்து, கண்ணைச் சுருக்கி, மணப்பெண்ணைப் பார்க்கிற மாதிரி பார்த்தாள். அந்தப் பார்வை வந்துவிட்டால் குறுக்கே பேசக்கூடாதென்று குடும்பத்தில் எல்லோருக்கும் தெரியும்.

"வெள்ளைச் சட்டைக்கு இந்த மஞ்சள் அவ்வளவு மோசமில்ல" என்றாள் மெல்ல. பிறகு எழும்பி அலுமாரியைத் திறந்து துணிகளைக் கிளறினாள். மஞ்சள் பட்டுத் துண்டொன்று கையில் வந்தது. சப்பாத்துக்குப் பக்கத்தில் பிடித்துப் பார்த்தாள். "மூணு பேருக்கும் இடுப்பில இந்த மஞ்சள்ல பட்டி வைக்கிறன். தலைக்கும் இதே ரிப்பன். கூடையில வெள்ளைப் பூவோட மஞ்சள் செவ்வந்தி. பொம்புளைட கைப்பூவிலயும் ஒரு மஞ்சள் சேர்ப்பம்." ஊசியைத் திரும்ப எடுத்துக்கொண்டாள். "நீ இஞ்ச இரிந்து நூல் கோத்துத் தா கா. என்ன பாத்துக்கொண்டு நிக்கிறாய்?"

றொசானி இருந்து நூல் கோத்தாள்.

சனிக்கிழமை கோயில் நிறைய ஆட்கள். வாசலில் பிள்ளைகள் மூன்று பேரும் வரிசையாய் நின்றார்கள். பாட்டுத் தொடங்கியது. மூத்த பிள்ளைகள் இருவரும் கூடையிலிருந்து பூவை அள்ளிப் போட்டபடி முன்னால் நடந்தார்கள். மெரிஷா பின்னால். நாலு எட்டு நடந்தவள் நின்றாள். நிலத்தில் கிடந்த பூவைப் பார்த்தாள். யாரோ கொட்டிவிட்டார்கள் என்று நினைத்தாளோ என்னவோ, குனிந்து ஒன்றை எடுத்துத் தன் கூடையில் போட்டாள். நிமிர்ந்தாள். இன்னொரு எட்டு வைத்து இன்னொன்றைப் பொறுக்கினாள்.

கோயிலில் சிரிப்பு, ஆட்கள் இருந்த வாங்கிலிருந்து வாங்குக்கு மெல்லப் பரவியது. பாட்டுக்காரர்கள் முடிந்த பாட்டைத் திரும்ப எடுத்தார்கள். பொம்புளை பின்னால் பொறுமையாய் நின்றாள். பீடத்தடியில் நின்ற மத்தேயு வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தான். அன்ரோ ஓடிப்போய்த் தூக்கப் பார்த்தான். றொசானி அவன் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"விடுங்க. அவள் வருவாள்."

குனிந்து, நிமிர்ந்து, குனிந்து, நிமிர்ந்து, ஒரு தரம்கூட விழாமல் மெரிஷா முழுத் தூரமும் நடந்தாள். பீடத்தடிக்கு வந்தபோது அவளுடைய கூடைதான் மூன்றிலும் நிறைந்திருந்தது. மத்தேயு குனிந்து அவளிடமிருந்து ஒரு செவ்வந்தியை வாங்கித் தன் சட்டைப்பையில் குத்திக்கொண்டான்.

சாப்பாட்டு நேரம் பொம்புளையின் உறவுப் பெண் ஒருத்தி ஜெசிந்தாவைப் பிடித்துக்கொண்டாள். "அந்த மஞ்சள் நல்ல எடுப்பா இரிந்திச்சு அக்கா. இப்ப இதுதானா புது மோஸ்தர்?"

"ஓம் புள்ள, இந்தமுறை நான் அப்பிடித்தான் யோசிச்ச" என்றாள் ஜெசிந்தா, கண்ணை இமைக்காமல். பக்கத்தில் சோற்றுக்கோப்பையோடு நின்ற றொசானி இறைச்சித் துண்டொன்றை மென்றபடி அதற்கும் தலையாட்டினாள்.

அந்தப் பெண் போனபிறகு ஜெசிந்தா ஒரு கதிரையை இழுத்து இருந்தாள். அவளுடைய மகள் ஷெரோனி வெள்ளைச் சப்பாத்தைக் கழற்றித் தாயின் மடியில் போட்டுவிட்டு மற்றப் பிள்ளைகளோடு ஓடினாள். குதிக்கு மேலே இரண்டு காலிலும் தோல் சிவந்து உரிந்திருந்தது. ஜெசிந்தா ஓடுகிற மகளின் காலையே கொஞ்சநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அந்த நானாட கடை திங்கட்கிழமை திறந்திரிக்குமா கா?"

"ஓம் மச்சாள். ஷெரோனியையும் கூட்டிவாங்க. அவள்ட காலைப் பிடிச்சுப் பாக்காம நான் ஒண்டும் சொல்லமாட்டன்."

"நிறத்த நான்தான் தெரிஞ்செடுப்பன்."

"தெரிஞ்செடுங்க. முதல்ல நான் மடிச்சுப் பாக்கிறன்."

மெரிஷா எங்கே என்று றொசானி திரும்பிப் பார்த்தாள். கேக் வைத்த மேசையடியில் நின்று, வீட்டில் அன்ரோவின் சாரத்தைப் பிடிக்கிற மாதிரி யாரோ ஒரு பெரியவரின் காற்சட்டையைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தாள். றொசானி கோப்பையை மச்சாளின் கையில் கொடுத்துவிட்டு அந்தப் பக்கம் போனாள்.